நடு ஊர்களின் இருப்புப்பாதை: வ்ரோத்ஸ்வாஃப் – யெலெனியா கூரா வழித்தடம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

போலந்தின் தென்மேற்கு மூலையில், கீழ்ச் சைலீசிய மாகாணத்தின் தலைநகரான வ்ரோத்ஸ்வாஃபையும் செக் எல்லையை ஒட்டிய கார்கோனோஷெ மலையடிவாரத்தில் உள்ள யெலெனியா கூராவையும் இணைக்கும் இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 126 கிலோமீட்டர். 2000களின் இறுதியில் இந்தத் தொலைவைக் கடக்கப் பயணிகள் ரயில்கள் மூன்று மணி நேரத்துக்கும் அதிகமாக எடுத்துக்கொண்டன. இன்று விரைவான ரயில்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்று சேர்கின்றன. இந்த இடைவெளியில் புதிய பாதை எதுவும் போடப்படவில்லை, புதிய சுரங்கம் எதுவும் குடையப்படவில்லை, ஒரு வளைவு கூடப் பெரிய அளவில் நிமிர்த்தப்படவில்லை. அதே வழித்தடத்தில் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பயண நேரம் எப்படி இவ்வளவு வீங்கியது, எப்படிச் சுருங்கியது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இதற்கு எளிதாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. மலைப்பாதை என்பதால் வேகம் குறைந்தது என்பது ஒன்று. கார்கள் பெருகியதால் ரயில் தோற்றது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி இருந்தாலும், வழித்தடத்தின் வரலாற்றைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் அவை போதாது என்பது தெளிவாகும். என் முடிவு இதுதான்: இதை இரு முனை நகரங்களை இணைக்கும் பாதையாக மட்டும் பார்த்தவர்கள் காலத்தில் அது தேய்ந்தது, வழியில் உள்ள ஊர்களின் பாதையாக அதைப் பார்க்கத் தொடங்கியபோது அது மீண்டது.

நிலக்கரி வகுத்த வழி

வழித்தடத்தின் இன்றைய பலங்களும் குறைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட முடிவுகளிலிருந்து வருகின்றன. அப்போது இப்பகுதி பிரஷ்ய அரசின் கீழ் இருந்தது. வ்ரோத்ஸ்வாஃபின் பெயர் பிரெஸ்லாவ், யெலெனியா கூராவின் பெயர் ஹிர்ஷ்பெர்க். பிரெஸ்லாவிலிருந்து தென்மேற்கே, இன்று ஷ்வியெபோஜீட்ஸெ என்று அழைக்கப்படும் ஊர் வரை 1843 அக்டோபரில் ஒரு தனியார் நிறுவனம் முதல் பாதையைத் திறந்தது. மறு ஆண்டு ஷ்வித்னீட்சாவுக்கு ஒரு கிளைப்பாதை பிரிந்தது. பிரிந்த இடத்தில் உருவான சந்திப்பு நிலையத்தைச் சுற்றியே யவோஷினா ஷ்லோன்ஸ்கா என்னும் ஊர் வளர்ந்தது. அந்த ஊரின் பழைய எஞ்சின் கொட்டகை இன்று ஒரு ரயில் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1853இல் பாதை மேலே ஏறி வௌப்ஷிக் நிலக்கரி வயலைத் தொட்டது.

மேற்கிலிருந்து வந்த பாதையின் கதை வேறு. அது அரசே கட்டிய பாதை. சைலீசிய மலை ரயில் என்று அதற்குப் பெயர். 1860களில் மேற்கு எல்லைப் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி வந்த அது, 1866 ஆகஸ்டில் ஹிர்ஷ்பெர்க்கை எட்டியது. 1867 ஆகஸ்டில் வௌப்ஷிக் வரை நீண்டது. அரசு இதில் இறங்கியதற்கு இரு காரணங்கள் இருந்தன. வௌப்ஷிக் நிலக்கரியை பெர்லின் சந்தைக்குக் கொண்டுசெல்ல நேர்வழி வேண்டியிருந்தது. கைத்தறி நெசவு நசிந்து வறுமையில் விழுந்திருந்த மலையடிவார ஊர்களுக்குப் புதிய பிழைப்பு வழிகளும் வேண்டியிருந்தன. 1844இல் இந்த மலைப்பகுதியின் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்ததையும் படை கொண்டு அது அடக்கப்பட்டதையும் அந்த அரசு மறந்திருக்க முடியாது.

ஆகவே பிரெஸ்லாவிலிருந்து ஹிர்ஷ்பெர்க்குக்கு மிகக் குறைந்த நேரத்தில் செல்ல வேண்டும் என்ற நோக்கத்துடன் யாரும் இந்த வழியை வகுக்கவில்லை. இரு வேறு நோக்கங்களுடன் இரு திசைகளிலிருந்து வந்த பாதைகள் நிலக்கரி வயலில் சந்தித்ததன் விளைவே இன்றைய வழித்தடம். வ்ரோத்ஸ்வாஃப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யவோஷினா வரை ஏறத்தாழ சமவெளி. அதன்பின் பாதை வளைந்து வளைந்து 500 மீட்டருக்கும் மேலே ஏறி, வௌப்ஷிக் நகரத்தைத் தெற்கே சுற்றிக்கொண்டு போகுஷூஃப் வழியாக மேற்கே திரும்பி, போபர் ஆற்றின் பள்ளத்தாக்கில் மெல்ல இறங்கி யெலெனியா கூராவை அடைகிறது. இந்த இறக்கத்தில் ட்ஷ்சின்ஸ்கோ அருகே ஒரு சுரங்கமும் உண்டு.

வளைவுகளின் கணக்கு மிக எளியது. ஆனால் அதை மீற முடியாது. 300 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில், வெளித் தண்டவாளத்தை வழக்கமான அளவுக்கு உயர்த்தி வைத்தாலும், சாதாரண ரயில் மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டியே செல்ல முடியும். மலைப்பகுதி முழுவதும் இத்தகைய வளைவுகளே நிறைந்திருப்பதால், எவ்வளவு விலையுயர்ந்த ரயிலைக் கொண்டுவந்தாலும் அங்கே அதன் வேகம் கூடாது. 2010களின் நடுவில் வார்சாவிலிருந்து பெண்டோலினோ வகை ரயில்கள் யெலெனியா கூரா வரை நீட்டிக்கப்பட்டபோது இதை எல்லாரும் காண முடிந்தது. பிற தடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டர் ஓடக்கூடிய அந்த ரயில், வௌப்ஷிக்கைத் தாண்டிய வளைவுகளில் உள்ளூர் ரயிலின் வேகத்திலேயே சென்றது.

மின்சாரம் வந்ததும், போனதும், திரும்பி வந்ததும்

இந்த வழித்தடத்தின் வரலாற்றில் மிகவும் வியக்கத்தக்க பகுதி இதுவே. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீண்ட தூர ரயில்களை மின்சாரத்தில் ஓட்ட முடியுமா என்பது இன்னும் திறந்த கேள்வியாக இருந்த காலத்தில், பிரஷ்ய அரசு அதைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் சைலீசிய மலைப்பாதையும் ஒன்று. 1911இல் இதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது. ஏற்றமும் வளைவும் நிறைந்த ஒரு தடத்தில், கனமான நிலக்கரி வண்டிகளுடன் மின்சார எஞ்சின் தாக்குப்பிடித்தால், வேறு எங்கும் அது தாக்குப்பிடிக்கும் என்பது அதன் பின்னிருந்த நியாயம். வௌப்ஷிக் அருகிலிருந்து செக் எல்லை நோக்கிச் செல்லும் ஒரு கிளைப்பாதையில் 1914 ஜூனில் முதல் மின்சார ரயில் ஓடியது. சில வாரங்களில் முதல் உலகப் போர் தொடங்கியதால் வேலை தாமதப்பட்டது, ஆனாலும் நிற்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் கம்பி யெலெனியா கூராவை எட்டியது. 1923இல் கோர்லிட்ஸ் வரை சென்றது. 1928இல் பிரெஸ்லாவ் வரை நீண்டு முழுத் தடமும் மின்மயமானது. 15,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தில், நிலக்கரி வயலின் தெற்கே மித்தெல்ஷ்டைனில் கட்டப்பட்ட மின் நிலையம் இதற்கு மின்சாரம் கொடுத்தது.

அந்தக் காலத்து எஞ்சின்கள் பொறியியல் துணிச்சலின் சான்றுகள். ஒரு தொடக்க கால எஞ்சினில் இயக்குச் சக்கரங்கள் அனைத்தையும் சுழற்ற ஒரே ஒரு மாபெரும் மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது; அதன் விட்டம் மூன்று மீட்டருக்கும் அதிகம். 1927–28இல் ஏ.இ.ஜி. நிறுவனம் கட்டிய ஈ 95 வகை எஞ்சின்கள் ஆறும் இந்த மலைப்பாதையின் நிலக்கரி ரயில்களுக்காகவே உருவாக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பயணிகளுக்கும் தனி மின்சார ரயில்கள் வந்தன. கார்கோனோஷெ மலையின் தொல்கதை ஆவியான ரியூபெட்சாலின் பெயரால் அழைக்கப்பட்ட அவை, சுற்றுலாப் பயணிகளை ஷ்க்லார்ஸ்கா போரெம்பா மலை ஊருக்கு ஏற்றிச் சென்றன. ஒரு மாகாணப் பாதை ஐரோப்பாவின் முன்னோடித் தடங்களுள் ஒன்றாக இருந்த காலம் அது.

1945இல் அனைத்தும் மாறியது. போரின் முடிவில் இப்பகுதி போலந்துக்கு மாற்றப்பட்டது. ஜெர்மானிய மக்கள் வெளியேற்றப்பட்டனர். கிழக்கே சோவியத் ஒன்றியத்திடம் இழந்த பகுதிகளிலிருந்து வந்த போலந்து மக்கள் அவர்களுடைய வீடுகளில் குடியேறினர். வௌப்ஷிக்குக்கு மட்டும் பிரான்சின் சுரங்கங்களில் உழைத்த போலந்துத் தொழிலாளர்களும் திரும்பி வந்து சேர்ந்தனர். சுரங்கம் நிற்கக் கூடாது என்பதற்காக ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் சில ஆண்டுகள் தக்கவைக்கப்பட்டனர். இதற்கிடையில் மின்கம்பிகளும் தூண்களும் மின் நிலையக் கருவிகளும் போர் இழப்பீடாகச் சோவியத் படைகளால் கழற்றிக் கொண்டுசெல்லப்பட்டன. முப்பது ஆண்டுகள் உழைத்து எழுப்பிய கட்டமைப்பு சில மாதங்களில் மறைந்தது. மின்சாரத்தில் ஓடிய தடத்தில் மீண்டும் நீராவி எஞ்சின்கள் இருபது ஆண்டுகள் புகை கக்கி ஏறின.

போலந்து அரசு இதை மீண்டும் மின்மயமாக்கியது 1960களில். 1966 டிசம்பரில் மின்சார ரயில் யெலெனியா கூராவுக்குத் திரும்பியது. ஆனால் முறை வேறு. 1930களில் வார்சாவைச் சுற்றிய தடங்களுக்கு பிரிட்டிஷ் நிறுவனங்களின் உதவியுடன் தேர்ந்தெடுக்கப்பட்ட 3,000 வோல்ட் நேர்மின்னோட்டமே நாட்டின் பொது முறையாகியிருந்ததால், இங்கும் அதுவே வந்தது. அந்தக் காலத்தின் பயணிகள் ரயில் இ.என். 57 என்ற வகை. வ்ரோத்ஸ்வாஃபிலேயே, போருக்கு முன் லிங்கே-ஹோஃப்மன் என்ற பெயரில் இயங்கிய தொழிற்சாலையின் வாரிசான பாஃபாவாக் ஆலையில், 1960களின் தொடக்கம் முதல் 1993 வரை 1,400க்கும் அதிகமாக அவை கட்டப்பட்டன. மஞ்சளும் நீலமும் பூசிய அந்த ரயில்கள் மூன்று தலைமுறை மக்களைச் சுரங்கத்துக்கும் பள்ளிக்கும் மலைக்கும் சுமந்தன. அவற்றை வடிவமைத்தவர்களுக்கு நாம் உரிய மதிப்பைத் தர வேண்டும். பராமரிப்பு குறைந்த காலத்திலும் ஓடக்கூடியவையாக அவை இருந்ததால்தான் பின்னர் வந்த நெருக்கடியில் சேவை முழுவதும் நின்றுவிடவில்லை.

தேய்வு

1990களில் மூன்று நிகழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. முதலாவது, வௌப்ஷிக் நிலக்கரிச் சுரங்கங்கள் அனைத்தும் அந்தப் பத்தாண்டில் மூடப்பட்டன. பாதையின் முதுகெலும்பாக இருந்த சரக்கு வருமானம் அத்துடன் போயிற்று. வேலையிழந்தவர்களில் ஒரு பகுதியினர் காடுகளில் தாமே குழி தோண்டி, உயிரைப் பணயம் வைத்து நிலக்கரி எடுத்து விற்றுப் பிழைத்தனர்.

இரண்டாவது, 1999இல் போலந்தின் 49 மாகாணங்கள் 16 ஆகக் குறைக்கப்பட்டன. 1975 முதல் தனித்தனி மாகாணத் தலைநகரங்களாக இருந்த யெலெனியா கூராவும் வௌப்ஷிக்கும் அந்தத் தகுதியை இழந்து, வ்ரோத்ஸ்வாஃபைத் தலைநகராகக் கொண்ட கீழ்ச் சைலீசியாவில் சேர்ந்தன. மாகாண அலுவலகம், பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம், நல்ல சம்பளம் தரும் வேலை ஆகியவற்றுக்கு மக்கள் வ்ரோத்ஸ்வாஃபை நோக்கி முன்னைவிட அதிகமாகச் செல்ல வேண்டியிருந்த அதே ஆண்டுகளில்தான் அங்கே செல்லும் ரயில் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டு வந்தது. இந்த ஒத்த காலத்தை நிர்வாக வரலாற்றில் ஒரு அடிக்குறிப்பாகக் கடந்துபோவது தவறு என்று கருதுகிறேன். இப்பகுதி மக்களுக்கு அது அன்றாடத் துன்பமாக இருந்தது.

மூன்றாவது, தேசிய ரயில் நிறுவனமான பி.கே.பி.யின் பண நெருக்கடி. 2000இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தடங்களில் பயணிகள் ரயில்கள் ஒரே அடியாக நிறுத்தப்பட்டன. யெலெனியா கூராவிலிருந்து கார்பாச் மலை ஊருக்குச் செல்லும் கிளைப்பாதையும் அந்த ஆண்டில்தான் ரயிலை இழந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய சட்டப்படி பி.கே.பி. பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது: தண்டவாளம் ஒருவருக்கு, நெடுந்தூர ரயில் ஒருவருக்கு, உள்ளூர் ரயில் ஒருவருக்கு. உள்ளூர் சேவைக்குப் பணம் தருவது மாகாண அரசின் பொறுப்பாயிற்று. ஆனால் அந்தச் சேவை ஓடும் தண்டவாளத்தின் நிலை மைய அரசின் நிறுவனத்தைச் சார்ந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொடக்க கால நிதி, வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து லெக்னீட்சா வழியாக ஜெர்மன் எல்லைக்குச் செல்லும் சமவெளித் தடத்துக்குப் போயிற்று. பன்னாட்டு வழித்தடம் என்ற வகையில் அந்த முன்னுரிமை நியாயமானதே. ஆனால் மலைப்பாதைக்குப் பழுதுபார்ப்புப் பணமும் வரவில்லை.

பராமரிப்பின்மை எப்படிப் பயண நேரமாக மாறுகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காணலாம். சிலிப்பர் கட்டைகள் உளுத்துப்போன, அல்லது ஜல்லியில் மண் கலந்து நீர் தேங்கும் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, மணிக்கு 80 கிலோமீட்டருக்குப் பதிலாக 30 கிலோமீட்டர் என்று வேகக் கட்டுப்பாடு போடப்படுகிறது என்று கொள்வோம். ஒன்றரை நிமிடத்தில் கடந்த இடத்தைக் கடக்க இப்போது நான்கு நிமிடம் ஆகிறது. முன்கூட்டியே பிரேக் போடவும் பிறகு வேகமெடுக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் இழப்பு மூன்று நிமிடத்துக்கு மேல். ரயிலின் கடைசிப் பெட்டி அந்த இடத்தைக் கடக்கும் வரை வேகமெடுக்கவும் முடியாது. இத்தகைய இடங்கள் இருபது சேர்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். மலையும் வளைவும் இந்த ஒரு மணி நேரத்துக்குப் பொறுப்பல்ல. அவை 1867 முதல் அங்கேயே இருக்கின்றன. தற்காலிகம் என்று போடப்படும் கட்டுப்பாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தால், அட்டவணை போடுபவர் அதையே இயல்பான வேகமாக எழுதிக்கொள்கிறார். அதன்பின் ரயில் சரியான நேரத்துக்கு வருவதாகப் புள்ளிவிவரமும் காட்டும். பாதை சீரழிவது யார் கண்ணிலும் படாது.

மூன்று மணி நேரத்தைத் தாண்டிய ரயிலுக்கு எதிரே, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் செல்லும் பேருந்து நின்றது. முனையிலிருந்து முனைக்குச் செல்லும் பயணி பேருந்துக்கு மாறினார். வசதியுள்ளவர் காருக்கு மாறினார். பயணிகள் குறைந்ததால் ரயில்கள் குறைக்கப்பட்டன. ரயில்கள் குறைந்ததால் எஞ்சியவர்களும் விலகினர். இரு முனை நகரங்களுக்கு இடையிலான போட்டியில் ரயில் தோற்றுவிட்டது என்று சொல்லிப் பாதையைக் கைவிடும் மனநிலை உருவானது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் அந்தப் பேருந்து யனோவீட்ஸெயிலோ மார்ச்சிஷூஃபிலோ செஞ்சிஸ்வாஃபிலோ நிற்கவில்லை. அந்த ஊர்களுக்கு ரயிலைத் தவிர வேறு நல்ல வழி இல்லை என்பதைக் கணக்கில் எடுத்தவர்கள் அன்று மிகக் குறைவு.

அறுபத்தைந்தாவது கிலோமீட்டர்

உலகம் இந்தப் பாதையைக் கவனித்தது ஒரே ஒரு முறைதான். 2015 ஆகஸ்டில், போர்க்கால ஜெர்மானியர்கள் தங்கத்துடன் புதைத்துவிட்டுப் போன ரயில் ஒன்று வௌப்ஷிக் அருகே, இதே தடத்தின் 65ஆவது கிலோமீட்டரை ஒட்டிப் பூமிக்கடியில் இருப்பதாக இருவர் அறிவித்தனர். பல நாட்டுத் தொலைக்காட்சிக் குழுக்கள் வந்து குவிந்தன. கிராக்கோவின் சுரங்கவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்துவிட்டு, ரயில் எதுவும் இல்லை என்று அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தனர். 2016 ஆகஸ்டில் தோண்டியும் பார்க்கப்பட்டது; எதுவும் கிடைக்கவில்லை. நகரத்துக்கு ஓரளவு சுற்றுலா வருமானம் கிடைத்ததை மறுக்க முடியாது. எனக்கு வருத்தம் தருவது, அந்த வாரங்களில் வெளிவந்த நூற்றுக்கணக்கான செய்திகளில், அதே 65ஆவது கிலோமீட்டரை நாள்தோறும் கடந்து வேலைக்குச் செல்லும் மக்களைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் இல்லை என்பதே.

மீட்சி

மீட்சிக்கு ஒரு தனிச் சட்டமோ ஒரு தனி மனிதரோ காரணமல்ல. 2007 டிசம்பரில் கீழ்ச் சைலீசிய மாகாண அரசு கொலெயே தோல்னோஷ்லோன்ஸ்கியெ என்ற தன் சொந்த ரயில் நிறுவனத்தைப் பதிவுசெய்தது. லெக்னீட்சாவைத் தலைமையிடமாகக் கொண்ட அது 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் மின்கம்பி இல்லாத சிறு தடங்களில் டீசல் ரயில்கள் மட்டும். பிறகு புதிய மின்சார ரயில்கள் வாங்கப்பட்டு, 2010களில் யெலெனியா கூரா தடத்தின் உள்ளூர் சேவை படிப்படியாக இந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டுகளில், ஐரோப்பிய நிதியின் மாகாணப் பங்கிலிருந்தும் பிற வழிகளிலும் பணம் பெற்று, தேசியத் தண்டவாள நிறுவனம் இந்தத் தடத்தைத் துண்டு துண்டாகப் புதுப்பித்தது: சிலிப்பர்கள் மாற்றப்பட்டன, ஜல்லி சலிக்கப்பட்டது, பழைய பாலங்கள் பலப்படுத்தப்பட்டன, நடைமேடைகள் உயர்த்தப்பட்டன. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு தண்டவாளத்தை மூடி மற்றொன்றில் இரு திசை ரயில்களையும் விட்டுச் செய்த வேலை இது. வேலை நடந்த ஆண்டுகளில் தாமதம் கூடியது. பயணிகளின் பொறுமையும் மிகவும் சோதிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்தப் புதுப்பிப்பு வேகத்தைப் புதிய உச்சத்துக்குக் கொண்டுசெல்லவில்லை. பாதையின் அமைப்பு ஏற்கெனவே அனுமதித்த வேகத்தைத் திருப்பிக் கொடுத்தது. யவோஷினாவுக்கு முந்தைய சமவெளிப் பகுதியில் ரயில்கள் மீண்டும் விரைந்தன. மலைப்பகுதியில் வளைவு அனுமதிக்கும் வேகத்தை எட்டின. இத்தகைய வேலைக்குத் திறப்பு விழாவோ, ரிப்பன் வெட்டும் அமைச்சரோ இருப்பதில்லை. தேர்தல் சுவரொட்டியில் போடவும் எதுவும் இல்லை. ஆனால் பயணிக்கு அது ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தந்தது.

தண்டவாளம் சீரானது முதல் பாதி மட்டுமே. மாகாண நிறுவனத்தின் அணுகுமுறையே இரண்டாவது பாதி என்பது என் மதிப்பீடு. மாகாண அரசுக்கு வ்ரோத்ஸ்வாஃப் வாக்காளரும் யனோவீட்ஸெ வாக்காளரும் ஒன்றே. எனவே அட்டவணை, முனையிலிருந்து முனைக்கு எத்தனை பேர் என்ற கேள்வியிலிருந்து விலகி, ஒவ்வொரு நிலையத்திலும் எவ்வளவு இடைவெளியில் ரயில் வருகிறது என்ற கேள்விக்கு நகர்ந்தது. வௌப்ஷிக் இதன் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. மலைகளுக்கு இடையிலான பள்ளத்தாக்குகளில் நீண்டு கிடக்கும் அந்த நகரில் முதன்மை நிலையம் நகர மையத்திலிருந்து வெகு தொலைவில், தெற்கு ஓரத்தில் இருக்கிறது. நூற்றாண்டுக்கு முன் நிலக்கரிக்கு வசதியான இடத்தில் அமைக்கப்பட்டது அது. ஆனால் தடம் நகரின் நீளம் முழுவதும் செல்வதால், ஷ்சவியென்கோ, நகர நிலையம், ஃபாப்ரிச்னி என்று பல நிறுத்தங்கள் உண்டு. அண்மைக் காலத்தில் மையப் பகுதிக்கு நெருக்கமாக ஒரு புதிய நிறுத்தமும் சேர்க்கப்பட்டது. நிலக்கரிக்காக வகுக்கப்பட்ட சுற்றுவழி, இப்போது ஏறத்தாழ 1,00,000 மக்கள் வாழும் நகரை வ்ரோத்ஸ்வாஃபின் வேலைச் சந்தையோடு கட்டிவைக்கும் வழியாகிவிட்டது. 1997இல் தொடங்கிய வௌப்ஷிக் சிறப்புப் பொருளாதார மண்டலமும், 2002 முதல் உற்பத்தி செய்துவரும் டொயோட்டா ஆலையும் எதிர்த்திசையில் தொழிலாளர்களை ஈர்க்கின்றன. ஜாரூஃப் போன்ற சிறு ஊர்களிலும் தொழிற்சாலைகள் வந்துள்ளன. காலையில் ஒரு திசையில் நிரம்பியும் மறு திசையில் வெறுமையாகவும் ஓடும் ரயில் எந்த நிறுவனத்துக்கும் நட்டமே. இருபுறமும் ஆள் ஏறும் தடம் தன் செலவின் கணிசமான பங்கைத் தானே ஈட்டிக்கொள்கிறது.

சுற்றுலாவும் இதே தர்க்கத்தில் சேர்கிறது. வார இறுதியில் வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து ருதாவி மலைகளுக்கு நடைபயணம் செல்பவர்கள் யனோவீட்ஸெயிலோ மார்ச்சிஷூஃபிலோ இறங்குகிறார்கள். செஞ்சிஸ்வாஃபில் பிரியும் கிளை கமியென்னா கூரா வழியாகச் செக் நாட்டுக்குச் செல்கிறது. மற்றவர்கள் அதே ரயிலில் ஷ்க்லார்ஸ்கா போரெம்பா வரை போகிறார்கள். அங்கிருந்து 1945க்குப் பின் பயணிகள் ரயிலின்றிக் கிடந்த எல்லைத் தொடர்பு 2010இல் மீண்டும் திறக்கப்பட்டு, ஹார்ராஹோவ் வழியாகச் செக் ரயில்களோடு இணைந்தது.

முதன்மைத் தடம் மீண்டதன் விளைவு கிளைகளிலும் தெரிந்தது. 2000களின் இறுதியிலிருந்து, தேசிய நிறுவனம் கைவிட்ட தடங்களை மாகாண அரசே ஏற்று, தன் சாலை-ரயில் துறை வழியாகப் புதுப்பிக்கும் வழக்கம் கீழ்ச் சைலீசியாவில் உருவாயிற்று. 2019இல் லூபினுக்கும் பியெலாவாவுக்கும், 2022இல் சொபூத்கா வழியாக ஷ்வித்னீட்சாவுக்கும், 2023 டிசம்பரில் ஷ்வியெராதூஃப் மருத்துவ நீரூற்று ஊருக்கும் ரயில்கள் திரும்பின. 2000இல் மூடப்பட்ட கார்பாச் தடத்திலும் 2025இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. சீரான முதன்மைத் தடம் இல்லாமல் இந்தக் கிளைகளைத் திறந்திருந்தால் அவை எங்கும் கொண்டுசேர்க்காத தனித் துண்டுகளாகவே இருந்திருக்கும். வேலை நடந்த வரிசை சரியாக அமைந்தது; திட்டமிட்டதால் பாதி, நிதி வந்த வரிசையால் பாதி என்று சொல்வதே நேர்மையாகும்.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

பயண நேரத்தை இரண்டு மணி நேரத்துக்கு வெகு கீழே கொண்டுவர வேண்டுமானால் வளைவுகளை நிமிர்த்த வேண்டும், அல்லது வௌப்ஷிக்கைத் தவிர்க்கும் புதிய பாதை வேண்டும். அண்மையில் திறக்கப்பட்ட எஸ்3 விரைவுச்சாலை, காரில் செல்பவருக்குத் தெற்கு நோக்கிய பயணத்தை மேலும் எளிதாக்கியிருப்பதால், இந்தக் கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. நான் இதை ஏற்கவில்லை. அத்தகைய பாதைக்குச் சுரங்கங்களும் பாலங்களும் தேவைப்படும். அந்தச் செலவில் முனைப் பயணிக்கு அரை மணி நேரம் மிஞ்சும். ஆனால் தடத்தை இன்று தாங்கிக்கொண்டிருக்கும் பயணிகள் பெரும்பாலும் வழியில் ஏறி வழியில் இறங்குபவர்கள். அவர்களுடைய ஊர்களைத் தவிர்த்துச் செல்லும் பாதை அவர்களுடைய ரயில்களையும் மெல்லப் பறித்துவிடும்.

உண்மையான இடர்ப்பாடு மலையில் இல்லை, வ்ரோத்ஸ்வாஃபில் இருக்கிறது. 1857ஆம் ஆண்டுக் கட்டடத்தைக் கொண்டு, 2012 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காக அழகாகப் புதுப்பிக்கப்பட்ட முதன்மை நிலையத்தில், எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ரயில்கள் ஒரே நுழைவாயிலில் நெருக்கியடிக்கின்றன. கிளைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும்போது நெருக்கம் கூடுகிறது; மலையில் மீட்டெடுத்த நிமிடங்களை நகரின் விளிம்பில் சிவப்பு சிக்னலுக்குக் காத்திருந்து இழக்க நேர்கிறது. இந்த வழித்தடம் அடங்கிய 274 ஆம் எண் தடத்தின் அதிகாரபூர்வத் தொடக்கப் புள்ளி அந்த முதன்மை நிலையம் அல்ல என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1843இல் முதல் ரயில் புறப்பட்ட ஷ்வியெபோட்ஸ்கி நிலையமே அது. நகர மையத்துக்கு நடந்தே செல்லும் தொலைவில் இருக்கும் அந்த நிலையத்தில் 1991இல் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு தண்டவாளப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடிவந்தது. அதை மீண்டும் திறந்து, யவோஷினா திசையிலிருந்து வரும் உள்ளூர் ரயில்களில் ஒரு பகுதியையாவது அங்கே கொண்டுசேர்க்க வேண்டும் என்ற திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. நிலம் இருக்கிறது, கட்டடம் நிற்கிறது, அங்கே செல்லும் வழியில் வேறு எந்தத் தடத்தின் ரயிலும் குறுக்கிடத் தேவையில்லை. யெலெனியா கூரா தடத்தில் இனிச் செலவிடப்படும் முதல் பணம் மலைக்குப் போகாமல் இந்தச் சில கிலோமீட்டர்களுக்குப் போக வேண்டும். வௌப்ஷிக்குக்கு இன்னும் நெருக்கமான இடைவெளியில் ரயில் விட வேறு எந்த வழியும் இவ்வளவு குறைந்த செலவில் கிடைக்காது.